வாசல் நாற்காலிகளுக்குப் பூசிய கருஞ்சிவப்பு

நிற விஷயத்தில் யார் யோசனை சொன்னாலும் எனக்குப் பிடிக்காது. புடவை எடுக்கப் போனாலும் சரி, ஜன்னல் திரைக்குத் துணி வாங்கப் போனாலும் சரி, கூட வருபவர்கள் வாயைத் திறந்தால் என் முகம் சுருங்கிவிடும். இந்தத் திமிரால் ஒரு தடவை என் அப்பாவின் பென்ஷனே போக இருந்தது. கேட்கிறவர்கள் இதை வேடிக்கைக் கதையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

எண்பதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி சேலையூர்ப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். அப்பா, அம்மா, ஒரே பெண்ணான நான். எனக்கு இருபத்து நாலு வயது. கிண்டியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அப்பா ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பணிமனை ஒன்றில் சார்ஜ்மேன், அதாவது பெயிண்ட் பிரிவின் மேற்பார்வை அவரிடம். பெயிண்ட் ஸ்டோரின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. காலை ஏழு மணி ரயிலுக்குப் போனால் சாயங்காலம் ஆறே காலுக்கு வீடு திரும்புவார்.

அந்தக் காலத்தில் ரயில் பெட்டி என்றால் கருஞ்சிவப்புதான். எங்கள் தெருவில் மனை வாங்கிக் கட்டியவர்களில் எட்டுப் பத்துக் குடும்பம் அதே பணிமனைக்காரர்கள். அவர்கள் வீட்டு கேட், ஜன்னல் கம்பி, கிணற்று மூடி, ஒரு வீட்டில் நாய்க்கூண்டு கூட, எல்லாம் ரயில் பெட்டி நிறம். அந்தப் பெயிண்ட் எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எங்கள் கேட்டுக்கு மட்டும் கடையில் வாங்கிய சாம்பல் நிறம். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அப்பா ஒரு பழைய பிரஷ்ஷைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. "பெயிண்ட் கடலையே கைல வச்சிருக்கிற மனுஷன் வூட்ல கேட்டு துருப்பிடிச்சு கீது பாரு" என்று தெருக்கோடியில் இருந்த ஒரு பெயிண்டர் சிரிப்பார். அப்பா பதில் சொல்ல மாட்டார். அவர் சாவியை இடுப்பில் செருகியிருந்ததால் சிரித்தவர்களில் பலருக்கு உள்ளுக்குள் எரிச்சலும் இருந்தது.

வீட்டு முன்னால் கொஞ்சம் காலி இடம் விட்டிருந்தோம். ஒரு வேப்பங்கன்று, இரண்டு செம்பருத்தி, மீதி செம்மண். அங்கே சாயங்காலம் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பல்லாவரத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் போட்டிருந்த நாலு இரும்பு நாற்காலியும் ஒரு பெஞ்சும் விலைக்கு வந்தன. முதுகில் கொடிவேலை செய்த கெட்டி இரும்பு. பச்சை பெயிண்ட் உரிந்து துரு தெரிந்தது. என் சம்பளத்தில் வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, வண்டிக்காரர் பெடல் மிதிக்க, நான் பெஞ்சின் மேலேயே உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்கே நிறப் பஞ்சாயத்து ஆரம்பித்தது. அம்மாவுக்குப் பச்சைதான் வேண்டும். "ஏற்கெனவே பச்சை. அதையே அடிச்சா வேலை முடிஞ்சுது" என்றாள். பச்சை அடித்தால் செம்பருத்திக்குள் நாற்காலி ஒளிந்துகொள்ளும், வெளியே இழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும் என்றேன். வெள்ளை அடித்தால் முதல் மழைக்கே செம்மண் தெறித்து அசிங்கமாகிவிடும். நீலத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டின் வெளிச்சுவர் க்ரீம் நிற சிமெண்ட் பெயிண்ட். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. கீழே போடுகிற சாமான் அந்தப் பட்டையோடு சேர்ந்து போக வேண்டும், ஆனால் அதைவிட ஆழமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வீடு தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி தெரியும் என்று எனக்குத் தோன்றியது. இதை அம்மாவிடம் விளக்கப் பார்த்தேன். உனக்கு வேற வேலை இல்லையா என்றாள்.

அப்பாவிடம் கேட்டேன். "நாள் முழுக்க கலரைத்தாம்மா பார்க்கிறேன். வீட்லயாவது என்னை விடு" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நல்லதாகப் போயிற்று, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று நினைத்தேன்.

குரோம்பேட்டை மெயின் ரோட்டில் ஒரு பாய் பெயிண்ட் கடை வைத்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, குட்டையான உருவம், கையில் எப்போதும் ஒரு கலக்கும் குச்சி. ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து கிண்டியிலிருந்து ரயிலில் வரும்போது அங்கே இறங்கினேன். சுவரில் உதிர்ந்த ஒரு காரையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஷேட் கார்டில் இருந்த சிவப்பெல்லாம் கூச்சல் போட்டது. சாக்லேட் நிறம் செத்துக் கிடந்தது. பாய் என் காரையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெடிமேட்ல இது சரிப்படாதும்மா. கலக்கிக்க வேண்டியதுதான்" என்றார்.

மேஜை மேல் டப்பாக்களைத் திறந்தார். சிவப்பு இனாமல், அதில் கறுப்பு சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு தடவையும் காரை மேல் ஒரு தீற்று தீற்றி என்னிடம் நீட்டுவார். நான் ட்யூப் லைட்டை நம்பவில்லை. கடைக்கு வெளியே, பஸ்ஸும் லாரியும் புகை கக்கிக்கொண்டு போகிற ரோட்டோரத்துக்கு வந்து வெயிலில் பார்ப்பேன். வெளியில் கிடக்கப்போகிற நாற்காலிக்கு வெளியிலேதானே நிறம் பார்க்க வேண்டும்? "இன்னும் கொஞ்சம் கறுப்பு பாய்." "இன்னாம்மா, இன்னுமா?" கடைசியில் அது ஊதா அடிக்க ஆரம்பித்துவிட்டது. பாய் தலையைச் சொறிந்துகொண்டு, கொஞ்சம் மஞ்சள் விட்டுப் பார்ப்போமா என்றார். விட்டார். வெளியே கொண்டுவந்தேன். பார்த்ததும் உடம்பே ஒரு நிமிஷம் நிம்மதியானது. இதுதான், இதுதான் என்றேன். ஏன் இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க வேலை செய்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் விரல் நுனி தேய்ந்தது. பிரைமர் அடித்துக் காயவைத்து, மேலே இரண்டு கோட். அப்பா இரண்டு ஞாயிறும் ஓவர்டைம் போய்விட்டார். நடுவில் அவர் லீவு போட்ட ஒரு நாள், லீவ் ஃபார்ம் வாங்க அவர் செக்ஷன் பையன் ஒருவன் வந்துபோனான். இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் நாலு நாற்காலியையும் பெஞ்சையும் வேப்பங்கன்றைச் சுற்றிப் போட்டுவிட்டுத் தெருவில் போய் நின்று பார்த்தேன். க்ரீம் சுவர், மேலே செங்கல் பட்டை, கீழே இந்தக் கருஞ்சிவப்பு. வீடு அப்போதுதான் கட்டி முடிந்தது போல இருந்தது. அம்மாவே வெளியே வந்து, பரவாயில்லை என்றாள். அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

ஆறே காலுக்கு அப்பா வந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. கேட்டைப் பாதி திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்க வாங்கினது?"

"கடையில."

"எந்தக் கடையில?"

"குரோம்பேட்டை பாய் கடையில. எதுக்குப்பா?"

"பில் இருக்கா?"

"பெயிண்டுக்கு யாருப்பா பில் வாங்குவாங்க?"

அவர் பக்கத்தில் வந்து நாற்காலியின் கையை நகத்தால் லேசாகச் சுரண்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "நாளைக்கே வேற கலர் அடிச்சிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இரண்டு வார உழைப்பைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாத மனுஷன்! பின்னாலேயே போனேன். முடியாது என்றேன். அப்போதுதான் அதுவரை வீட்டில் சொல்லாததைச் சொன்னார். ஸ்டோரில் பெயிண்ட் டிரம்கள் குறைகின்றன. ஒரு மாதமாக விஜிலென்ஸ் விசாரணை நடக்கிறது. அவருக்கு பிப்ரவரி கடைசியில் ரிட்டயர்மென்ட். அதற்குள் கேஸ் எழுதினால் பணிக்கொடை நிற்கும், பென்ஷன் இழுபறியாகும், முப்பத்தைந்து வருஷத்துப் பெயர் போகும்.

"நம்ம வாசல்ல பெட்டிக் கலர் கிடந்தா எவன் நம்புவான்?"

"நாம எடுக்கலையே. எடுத்தவங்க தெரு பூரா கேட்ல அடிச்சு வச்சிருக்காங்க. அவங்க பயப்படட்டும்."

"அவங்க கைல ஸ்டோர் சாவி இல்ல. என் கைல இருக்கு."

நியாயம் அவர் பக்கம் இருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். பெட்டி நிறத்தைப் பார்த்தே வளர்ந்த கண் எனக்கு. எத்தனையோ நிறம் இருக்க, கடையில் கலக்கக் கலக்க என் கண் அங்கேயே போய் நின்றிருக்கிறது. பணிமனைக்காரன் பெண்ணைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மாற்றி அடித்தால்தான் சந்தேகம் வரும், மறைக்கிறோம் என்பார்கள் என்று வாதாடினேன். அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்ததால் அம்மா குழம்பிப்போனாள். நாற்காலிகள் அப்படியே கிடந்தன. அன்றிலிருந்து அப்பா பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக் கதவில் வந்து போகத் தொடங்கினார். வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னோடு பேச்சும் குறைந்தது.

பத்து நாள் போயிருக்கும். விஜிலென்ஸுக்கு மொட்டைக் கடிதாசு ஒன்று போய்விட்டது. யார் எழுதினார்கள் என்று இன்றுவரை தெரியாது, ஊகிக்கவும் விருப்பமில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அப்பா அரை நாள் முடித்து வந்து சாப்பிட்டு எழுந்த நேரம், வாசலில் ஜீப் நின்றது. இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வயதானவர், கனத்த கண்ணாடி. இன்னொருவர் இளைஞர், கையில் ஃபைல். தெருவில் ஒவ்வொரு கருஞ்சிவப்பு கேட்டுக்குப் பின்னாலும் ஒரு தலை தெரிந்தது. எனக்கு அவர்களையெல்லாம் கைகாட்டிக் கத்த வேண்டும் போல இருந்தது. அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

இளைஞர் பிளேடால் நாற்காலிக் காலைச் சுரண்டி, விழுந்ததைக் கவரில் போட்டு ஒட்டினார். நான் அடித்த இரண்டு கோட்டும் போய் பிரைமர் தெரிந்தது. வயதானவர் என்னிடம் கேட்டார். கடை எங்கே இருக்கிறது, எப்படிக் கலந்தார்கள், எவ்வளவு வாங்கினாய் என்று எல்லாம் சொன்னேன். பில் என்றார். இல்லை என்றேன். லேப் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று மாசம் ஆகும் என்றார். அதாவது, அப்பா ரிட்டயர் ஆகி, பென்ஷன் காகிதங்களில் விழ வேண்டிய கையெழுத்தெல்லாம் நின்றுபோன பிறகு.

"பொண்ணு ஆபீசுக்கு வந்து ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டியிருக்கும் சார்" என்றார் இளைஞர் அப்பாவிடம். "நோட்டீஸ் வரும். பெயிண்ட் யார் கொடுத்தாங்கன்னு கேட்கணும் இல்ல?"

யார் கொடுத்தாங்க என்ற அந்த வார்த்தையில் அப்பா சட்டென்று அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "பொண்ணை விட்ருங்க சார். அவளை அங்கெல்லாம் கூப்பிடாதீங்க" என்றபடி அவர்களோடு ஜீப் வரைக்கும் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜீப்பின் பானட் மேல் காகிதத்தை வைத்து எதையோ எழுதிக் கொடுத்தார். சுரண்டி எடுத்ததற்குக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து, கைகால் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு, பாய் கடை சாத்தியிருந்தது. அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. அம்மா ஒரு டப்பா பச்சை வாங்கி வரச் சொல்லி நச்சரித்தாள். இனிமேல் அடித்து என்ன பயன் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதே ஜீப் வந்தது. முன் சீட்டில் அப்பா. பணிமனையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். நான் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். கடையைக் காட்டு என்றார் வயதானவர். ஒரு நாற்காலியையும் பின்னால் ஏற்றச் சொன்னார். அவர் மடியில் ஒரு முழ நீளத்துக்கு பெயிண்ட் அடித்த தகடு ஒன்று இருந்தது. பணிமனையில் நிறம் ஒத்துப்பார்க்க வைத்திருக்கிற தகடு. தாம்பரம் பஸ் நிலையத்தைக் கடந்து குரோம்பேட்டைக்குப் போனோம். நாற்காலி என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

ஜீப்பைப் பார்த்ததுமே பாய் எழுந்து நின்றுவிட்டார். இளைஞர் ஃபைலைத் திறந்து, "இந்தப் பொண்ணு உங்க கடையில பெயிண்ட் வாங்கிச்சா?" என்று கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு ஃபைலைப் பார்த்தார். "நம்ம கடையில பில் இல்லாம எதுவும் விக்கிறது இல்ல சார்."

"பாய்!" என்றேன்.

"எத்தினியோ பேர் வராங்க போறாங்க. நமக்கு ஞாபகம் இல்லம்மா."

அவர் கண் என் பக்கம் வரவே இல்லை. பயந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. எந்த டிபார்ட்மெண்ட் என்று தெரியாமல், பில் போடாத வியாபாரத்துக்குப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். புரிந்து என்ன செய்ய? எனக்கிருந்த ஒரே சாட்சி அவர்.

வயதானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ரெண்டு பேர் சொன்னதும் பொருந்தலைன்னுதான்மா இவ்வளவு தூரம் வந்தேன். நீ கடைங்கிறே. உங்கப்பா சனிக்கிழமையே இதை எழுதிக் கொடுத்துட்டார்." ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அப்பாவின் கையெழுத்து. நாற்காலிகளுக்கு அடித்த பெயிண்ட்டை ஸ்டோரிலிருந்து நானே எடுத்து வந்தேன், இதில் என் குடும்பத்தார் யாருக்கும் சம்பந்தம் இல்லை என்று மூன்று வரி. கீழே தேதியும் முழுக் கையொப்பமும்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அப்பா கடைப் படியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பழைய பிரஷ்ஷுக்குக்கூட ஆசைப்படாத மனுஷன், செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னை ஆபீசில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகவா? காகிதத்தை வயதானவர் கையிலேயே திருப்பித் திணித்தேன்.

"இது பொய் சார். நான் இங்கயே கலந்து காட்டறேன்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "எனக்கு டப்பாவைக் கொடுக்கச் சொல்லுங்க."

இளைஞர் சிரித்தார். வயதானவர் சிரிக்கவில்லை. பாயைப் பார்த்துத் தலையசைத்தார். பாய் தயங்கித் தயங்கிச் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், நீலம் என்று நாலு டப்பாவை எடுத்து வைத்தார். வேடிக்கை பார்க்க ரோட்டில் ஆள் சேர ஆரம்பித்தது.

கலக்கும் குச்சியை எடுத்தேன். சிவப்பை ஊற்றினேன். கறுப்பைச் சொட்டினேன். அன்றைக்கு எத்தனை சொட்டு விட்டார் என்று எங்கே எண்ணினேன்? கலக்கினேன், இன்னும் சொட்டினேன். ஒரு பழைய மூடியில் தீற்றி நாற்காலிப் பக்கம் வைத்துப் பார்த்தேன். சரியில்லை. இன்னும் கறுப்பு. இன்னும் மோசம். ஊதா அடித்தது. நெற்றி வியர்வை கண்ணில் வழிந்தது. அப்பா இப்போது என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அவர் வாய் திறந்தால் எல்லாம் கெட்டது. நீலத்தை விடலாமா என்று அந்த டப்பாவை நோக்கிக் கையை நீட்டினேன்.

"ஐயய்யோ, நீலத்தை எடுக்காதம்மா!" பாய் பாய்ந்து வந்து டப்பாவை இழுத்துக்கொண்டார். "அன்னிக்கும் இப்படித்தானே ஊதா அடிச்சுது, மஞ்சள் விட்டுத்தானே சரி பண்ணோம்!"

பாயின் கை மஞ்சள் டப்பா மேல் அப்படியே நின்றது.

"என்னிக்கு?" என்று கேட்டார் வயதானவர்.

பாய் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். "பொங்கலுக்கு முன்னாடி சார். நான்தான் கலந்து கொடுத்தேன். ரெண்டு மணி நேரம் என் உசிரை வாங்கிச்சு இந்தப் பொண்ணு. ரோட்டுக்கும் கடைக்கும் நடந்து நடந்து பார்த்துச்சு. பில் போடல. இப்ப இன்னா வேணா பண்ணுங்க."

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல பாய்" என்றார் வயதானவர். "நீங்க மஞ்சளை விடுங்க."

பாய் மஞ்சளை விட்டார். கலக்கினார். மூடியில் தீற்றி நாற்காலியின் பக்கத்தில் வைத்தார். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். நிறம் வந்துவிட்டது.

வயதானவர் நாற்காலியை வெளியே வெயிலில் போடச் சொன்னார். தன் தகட்டை அப்பாவிடம் நீட்டி, "சார், நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இது உங்க ஒர்க்‌ஷாப் கலரா?" என்றார்.

அப்பா தகட்டை நாற்காலிக் கையின் மேல் வைத்தார். குனிந்தார். தகட்டைத் திருப்பி வெயிலுக்குச் சாய்த்தார். மறுபடியும் குனிந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"இல்ல சார்" என்றார். "எங்களதுல இவ்வளவு மஞ்சள் கிடையாது. இது வேற."

இளைஞர் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது எனக்கும் தெரிந்தது. தகடு இறுகிப்போன சிவப்பு. நாற்காலியில் ஓர் இழை வெதுவெதுப்பு கூட இருந்தது.

"முன்னாடி பார்த்தப்ப தெரியலையா? முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ்!"

"சாயங்காலம் பார்த்தேன் சார். இருட்டற நேரம். அதுக்கப்புறம் பார்க்கவே இல்ல." தகட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பயந்துட்டேன்."

வயதானவர் அப்பாவின் காகிதத்தை நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாயிடம் ஒரு வாக்குமூலம், என்னிடம் ஒன்று எழுதி வாங்கினார். இனிமேல் செய்யாததைச் செய்ததாக எழுதிக் கொடுக்காதீர்கள், அதுவும் தப்புதான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் நகரத்துப் பக்கம் போய்விட்டது. ரோட்டோரத்தில் நாங்கள் இரண்டு பேரும் நாற்காலியும் நின்றோம்.

பென்ஷன் தப்பியது என்ற நிம்மதி எனக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்த மூன்று வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் கடை என்று சொன்னேன், கடையின் இடம் சொன்னேன், எப்படிக் கலந்தோம் என்றுகூடச் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"நான் சொன்னதை நீங்க நம்பவே இல்ல, இல்லப்பா?"

அவர் ரோட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார். தாம்பரம் பஸ் ஒன்று வந்து, இரும்பு நாற்காலியைப் பார்த்ததும் நிற்காமல் போயிற்று.

"யார் கொடுத்தாங்கன்னு நினைச்சீங்க?"

"என் செக்‌ஷன் பையன் ஒருத்தன் நம்ம வீட்டுக்கு வந்துபோனான் இல்ல, என் லீவ் ஃபார்ம் வாங்க. அவன்கிட்ட நீ கேட்டு வாங்கியிருப்பேன்னு..." என்று நிறுத்தி, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னை ஆபீசுக்குக் கூப்பிட்டா நீ உண்மையைச் சொல்லிடுவேன்னு பயந்தேன்."

"அப்ப என்னைத் திருடின்னு நினைச்சீங்க."

அப்பா என்னை நேராகப் பார்த்தார். பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். முந்தாநாள்தான் வாழ்க்கையில் முதல் பொய்யை எழுதிக் கொடுத்திருந்தார், இன்னொன்று சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை.

"நினைச்சேம்மா" என்றார். "அதான் என் பேர்ல எழுதினேன்."

அவமானமாக இருந்தது. அவர்மேல் கொலைவெறி வந்தது. அதே நிமிஷத்தில், நான் திருடியாகவே இருந்திருந்தாலும் இந்த மனுஷன் தன் பெயரை எனக்குக் கொடுத்திருப்பார் என்பதும் தெரிந்தது. ஆட்டோ ஸ்டாண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி. நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன்.

"கொடும்மா, நான் பிடிக்கிறேன்."

"வேணாம்."

கெட்டி இரும்பு. பத்தடி போவதற்குள் கை கழன்றுவிடும் போல வலித்தது. ஆனாலும் கீழே வைக்கவில்லை, கண்ணீர் வழிவதைத் துடைக்கவும் கை இல்லை. ரோட்டின் நடுவில், லாரிக்காக நின்று மறுபடி நடக்கையில் கனம் திடீரென்று பாதியாகக் குறைந்தது. பின்னால் அவர் நாற்காலியின் காலைப் பிடித்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. விடுங்கள் என்றும் சொல்லவில்லை.